நோபல் விஞ்ஞானியே சொல்லிவிட்டாரா? காலநிலை மாற்றத்தை மறுப்பவரின் தகுதியைச் சரிபார்க்கும் முறை

ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். பாதிப் பேர் காபித் தோட்டக்காரர்கள். மற்றவர்கள் சேலத்தில் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள். அந்த வாரம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவை எடுத்துக்கொள்வோம். ‘புவி வெப்பமாதல் பொய்’ என்று அதில் பேசுகிறவர் யார், அதைச் சொல்ல அவருக்கு என்ன தகுதி என்று தேடிப் பார்ப்போம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் வழுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களை மனதில் வைத்தே இந்த வரிசையை எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பேனா, இணையம் உள்ள ஒரு கணினி, ஒன்றரை மணி நேரம். கைபேசியிலும் செய்யலாம். ஆனால் நான்கு பக்கங்களை ஒரே நேரத்தில் திறந்து ஒப்பிடும்போது தடுமாறுவீர்கள்.

பேசுபவரின் பெயர் ஆங்கில எழுத்துகளில் வேண்டும். தமிழ் எழுத்தில் இருக்கும் வெளிநாட்டுப் பெயரை வைத்துத் தேடினால் அந்த வீடியோவைப் பரப்பியவர்களின் பக்கங்கள்தான் வரும்.

வீடியோவைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் அது நீக்கப்பட்டால், எதைச் சரிபார்த்தோம் என்பதற்கே ஆதாரம் இருக்காது.

2. முதலில் கூற்றை எழுதுங்கள்

ஆளைத் தேடும் முன், அவர் என்ன சொல்கிறார் என்பதை ஒரே வரியில் நோட்டில் எழுதுங்கள். எல்லோரும் தாண்டிப் போகிற படி இதுதான்.

மறுப்பவர்கள் எல்லோரும் ஒன்றையே மறுப்பதில்லை. ஒருவர் வெப்பம் ஏறவே இல்லை என்பார். இன்னொருவர் ஏறுகிறது, ஆனால் மனிதரால் இல்லை என்பார். மூன்றாமவர் நம்மால்தான், ஆனால் பெரிய ஆபத்து இல்லை என்பார். நான்காமவர் ஆபத்து உண்டு, ஆனால் அதைத் தடுக்கச் செய்யும் செலவு வீண் என்பார். முதல் இரண்டையும் எடைபோட வளிமண்டலம், கடல், பனிப்பாறை ஆகியவற்றை ஆய்ந்தவர் வேண்டும். நான்காவதற்குப் பொருளாதாரம் தெரிந்தவர் வேண்டும். எந்தக் கூற்று என்று தெரியாமல் தகுதியை அளக்கப் போனால் எதைக் கொண்டு அளப்பது?

டென்மார்க்கின் பியோர்ன் லோம்போர்க் நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய முனைவர் பட்டம் அரசியல் அறிவியலில். வெப்பம் ஏறுவதையோ, அதற்கு மனிதர் காரணம் என்பதையோ அவர் மறுப்பதில்லை. பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதுதான் அவருடைய வாதம். அவரைப் பிடித்து ‘இவர் வானிலை படிக்கவில்லை’ என்றால், அவர் சொல்லாத ஒன்றுக்குப் பதில் சொன்னதாக ஆகிவிடும். அவருடைய செலவுக் கணக்கை மற்ற பொருளாதார அறிஞர்கள் ஏற்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

3. பெயரையும் குரலையும் உறுதி செய்யுங்கள்

தமிழ்க் குரல் ஏற்றிய வீடியோவில் அடியில் மூலக் குரல் மெதுவாகக் கேட்கும். இயர்போன் மாட்டிக் கேளுங்கள். பேசியவர் ‘நிச்சயமின்மை அதிகம்’ என்று சொல்லியிருப்பார். மேலே ஓடும் தமிழ் ‘எல்லாம் பொய்’ என்று சொல்லும். அப்படிப்பட்ட வீடியோவில் நீங்கள் சரிபார்க்க வேண்டியவர் மொழிபெயர்த்தவர்.

அடுத்து, பெயருக்கு முன்னால் இருக்கும் பட்டம். இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் மாங்க்டன் பிரபுப் பட்டத்தைப் பரம்பரையாகப் பெற்றவர். அதை வைத்து ‘பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்’ என்று பல இடங்களில் அறிமுகம் செய்கிறார்கள். அவரே அப்படிச் சொல்லிக்கொண்டார். 2011 ஜூலையில் அந்த அவையின் தலைமை அதிகாரி, ‘நீங்கள் உறுப்பினர் இல்லை, அப்படிச் சொல்வதை நிறுத்துங்கள்’ என்று அவருக்கு எழுதிய கடிதத்தை நாடாளுமன்றமே வெளியிட்டது. அவர் கேம்பிரிட்ஜில் படித்தது கிரேக்க, இலத்தீன் இலக்கியம். இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் காலநிலை மாற்றத்தை மறுக்கும் அவருடைய வரைபடங்களை நம் ஊர் வரைக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பேச்சாளர் என்றால் ‘டாக்டர்’ என்ற சொல்லில் நில்லுங்கள். மருத்துவரா, முனைவரா, கௌரவப் பட்டமா? இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பெருவாரியாக ஷோத்கங்கா என்ற தளத்தில் இருக்கின்றன. பெயரைப் போட்டால் ஆய்வின் தலைப்பே வந்துவிடும். அங்கே இல்லை என்பதால் பட்டமே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய ஆய்வேடுகள் எல்லாம் இன்னும் ஏறவில்லை.

4. பட்டமும் பரிசும் எந்தத் துறைக்கு என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் எங்களுக்கு அதிக நேரம் போகிறது.

ஒரு ஞாயிறு, எங்களில் மூத்தவரான ஒரு தோட்டக்காரர் கைபேசியை நீட்டினார். திரையில் வெள்ளை முடிக்காரர் ஒருவர். கீழே மஞ்சள் எழுத்தில் ‘நோபல் பரிசு விஞ்ஞானி உடைக்கும் உண்மை’. அவர் 2022-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜான் கிளாவ்சர். மூத்தவர் கேட்டார்: “நோபல் வாங்கினவருக்குத் தெரியாததா உனக்கும் எனக்கும் தெரிஞ்சிடப் போவுது?”

நியாயமான கேள்வி. நான் ஒன்று கேட்டேன். “மாமா, உங்க காபிச் செடியில தண்டுத் துளைப்பான் விழுந்தா யாரைக் கூப்பிடுவீங்க? மிளகுல மாவட்டத்துலயே முதல் பரிசு வாங்கினவரையா?”

அவர் யோசிக்கவே இல்லை. “அவரு எதுக்கு? தண்டுல வரி புடைச்சிருக்கறதை விரல்ல தடவியே சொல்றவன் இருக்கான், அவனைத்தான் கூப்பிடுவேன்” என்றார். சரி, இப்போது நோபல் தளத்தைத் திறந்து பாருங்கள் என்றேன்.

அந்தத் தளத்தில் ஒவ்வொரு பரிசுக்கும் எதற்காகக் கொடுத்தோம் என்று ஒரே வாக்கியம் இருக்கும். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கிளாவ்சருக்குப் பரிசு கிடைத்தது பின்னிப் பிணைந்த ஒளித்துகள்களைக் கொண்டு செய்த சோதனைகளுக்காக. குவாண்டம் இயற்பியலில் அது பெரிய வேலை. மேகத்துக்கும் கார்பன் டை ஆக்ஸைடுக்கும் அதில் இடமில்லை.

அதற்கு முந்தைய ஆண்டான 2021-க்குப் போங்கள். அதே இயற்பியல் பரிசு. அதில் பாதியை சியுகுரோ மனாபேவும் கிளாவ்ஸ் ஹாசல்மனும் பகிர்ந்துகொண்டார்கள். காரணமாக எழுதியிருப்பது பூமியின் காலநிலைக்கு இயற்பியல் மாதிரி அமைத்ததும், புவி வெப்பமாதலை நம்பத்தக்க வகையில் முன்கணித்ததும். நோபல் பெற்றவர் சொன்னால் நம்புவேன் என்கிறவர் யாரை நம்ப வேண்டும் என்பது அந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்தாலே தெரிந்துவிடும். மூத்தவர் இரண்டையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

இதே மாதிரி அடிக்கடி வரும் இன்னொரு பெயர் இவார் கியாவர். 1973-இல் மீக்கடத்திகள் பற்றிய கண்டுபிடிப்புக்காக நோபல் பெற்றவர். 2012-இல் ஜெர்மனியின் லிண்டாவ் நகரில் நோபல் அறிஞர்கள் கூடிய கூட்டத்தில் காலநிலை பற்றிப் பேசினார். இந்த விஷயத்தில் தனக்குப் பெரிய ஆர்வம் இல்லை என்றும், கூகுளில் ஒரு நாள், ஒருவேளை அரை நாள் தேடிப் படித்ததாகவும் அங்கே அவரே சொன்னார். அந்த உரையின் பதிவு இருக்கிறது. பரிசைச் சொல்லி அனுப்புகிறவர்கள் இந்த அரை நாளைச் சொல்வதில்லை.

ஒரு எச்சரிக்கை. பட்டத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். காலநிலை ஆய்வில் முன்னணியில் இருக்கும் ஜேம்ஸ் ஹான்சன் இயற்பியல் படித்து, வெள்ளிக் கோளின் வளிமண்டலத்தை ஆராய்ந்துவிட்டுப் பூமிக்கு வந்தவர். ‘காலநிலையியல்’ என்ற பெயரில் பட்டம் இல்லாத நல்ல ஆய்வாளர்கள் நிறைய. பட்டம் ஒருவர் நின்ற வாசலைத்தான் காட்டும். உள்ளே போய் என்ன செய்தார் என்பதற்கு அடுத்த படி.

5. ஆய்வுப் பதிவைத் திறந்து பாருங்கள்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் பெயரையும் ‘கிளைமேட்’ என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்துப் போடுங்கள். வரும் கட்டுரைகளின் தலைப்பு, இதழ், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். முந்நூறு கட்டுரை எழுதியவருக்கு அதில் இருநூற்றுத் தொண்ணூறு லேசர் பற்றியதாக இருக்கலாம். புத்தகங்களையும் நாளிதழ்க் கட்டுரைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றை வெளியிடும் முன் அதே துறையின் மற்ற ஆய்வாளர்கள் படித்துக் குறை சொல்லும் ஏற்பாடு பெரும்பாலும் இல்லை.

ஒரே பெயரில் இரண்டு ஆய்வாளர்கள் இருப்பது சாதாரணம். நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

இங்கே சிலருடைய பதிவு கனமாகவே இருக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2013-இல் ஓய்வு பெறும் வரை வளிமண்டல இயற்பியல் நடத்திய ரிச்சர்ட் லிண்ட்சன் உண்மையான நிபுணர். அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹண்ட்ஸ்வில் வளாகத்தைச் சேர்ந்த ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்சரும் செயற்கைக்கோள் வழியாக வெப்பநிலையைக் கணக்கிட்டவர்கள். இவர்களையும் ‘தகுதி இல்லை’ என்று தள்ளினால் நீங்கள்தான் தவறு செய்கிறீர்கள். தகுதி உண்டு என்று நோட்டில் எழுதிவிட்டு, அவர்கள் சொன்னதற்கு அப்புறம் என்ன ஆனது என்று பாருங்கள். கட்டுரைக்குக் கீழே ‘மேற்கோள் காட்டியவை’ என்ற இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் பின்னால் வந்த பதில்கள் வரிசையாகக் கிடைக்கும்.

வெப்பம் ஏறும்போது வெப்பமண்டலத்தின் உயர்மேகங்கள் குறைந்து, மிகுதி வெப்பம் வெளியேறிவிடும் என்று லிண்ட்சன் 2001-இல் ஒரு கருதுகோள் வைத்தார். மற்றவர்கள் செயற்கைக்கோள் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் சொன்ன அளவுக்கு அது நிற்கவில்லை. கிறிஸ்டி, ஸ்பென்சர் கணக்கில், செயற்கைக்கோள் கடந்து போகும் நேரம் மெல்ல நகர்வதைச் சரிசெய்ததில் பிழை இருப்பதை 2005-இல் வேறொரு குழு காட்டியது. அவர்கள் அதை ஏற்றுத் திருத்தினார்கள். திருத்திய பின் அவர்களுடைய தரவிலேயே வெப்ப உயர்வு கூடுதலாகத் தெரிந்தது. பிழையை ஏற்றுத் திருத்தியதை நான் மதிக்கிறேன். நோட்டில் அதையும் எழுதுங்கள்.

இதழையும் பாருங்கள். கடந்த ஆயிரம் ஆண்டுக் காலநிலை பற்றி, மறுப்புத் தரப்பைச் சேர்ந்த வில்லி சூன், சாலி பாலியூனஸ் இருவரும் எழுதிய கட்டுரை 2003-இல் ஒரு ஆய்விதழில் வந்தது. அதை மதிப்பிட்டு ஏற்ற விதம் சரியில்லை என்று அந்த இதழின் ஆசிரியர்களே பலர் விலகினார்கள். ‘ஆய்விதழில் வந்துவிட்டது’ என்பதோடு தேடலை முடித்துக்கொண்டால் இது கண்ணில் படாது.

6. பதவிப் பெயர்களை உரசிப் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும்போது பளபளப்பைப் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. எத்தனை டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று கேட்கிறோம். பதவிப் பெயர்களிடமும் அதைத்தான் கேட்க வேண்டும்.

‘ஹார்வர்டு விஞ்ஞானி’ என்று வில்லி சூனை அறிமுகம் செய்வார்கள். அவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஊழியராக இருந்தவர். அந்த நிறுவனமும் ஹார்வர்டும் சேர்ந்து நடத்தும் வானியற்பியல் மையத்தில் வேலை பார்த்தார். ஒரே வளாகம் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பட்டியலைத் திறந்தால் இந்த மாதிரி ஒட்டுகள் தெரிந்துவிடும்.

‘ஐ.பி.சி.சி.யின் நிபுணர் மதிப்பீட்டாளர்’ என்ற பட்டம் கேட்கப் பெரிதாக இருக்கும். ஐ.நா.வின் அந்தக் காலநிலைக் குழு தன் வரைவு அறிக்கையைக் கருத்துக்கு வெளியிடும்போது, இந்தத் துறை எனக்குத் தெரியும் என்று தாமே பதிவு செய்துகொள்கிறவர்கள் படித்துக் கருத்து அனுப்பலாம். அப்படி அனுப்பியவர் எல்லாம் மதிப்பீட்டாளர்தான். குழு தேர்ந்தெடுத்து அமர்த்தும் அறிக்கை ஆசிரியர் வேறு. இவர் எது என்று கேளுங்கள்.

அதே குழு 2007-இல் அமைதிக்கான நோபலைப் பகிர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு இரண்டு தரப்பிலும் சிலர் தங்களை நோபல் பெற்றவர் என்று சொல்லிக்கொண்டார்கள். பரிசு அமைப்புக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை என்று 2012-இல் குழுவே விளக்கம் கொடுத்தது.

7. கையெழுத்துப் பட்டியல் வந்தால்

‘31 ஆயிரம் விஞ்ஞானிகள் மறுக்கிறார்கள்’ என்று வந்தால் அது அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய ஓரிகான் மனு. அறிவியலில் இளநிலைப் பட்டம் இருந்தாலே அதில் கையெழுத்திடலாம். சேலத்தில் பி.எஸ்சி. முடித்தவர்களை எண்ணினாலே எத்தனை ஆயிரம் வரும்! அதோடு அனுப்பிய கட்டுரையை அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்ததைப் போலவே அச்சிட்டிருந்தார்கள். அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அந்தக் கழகம் அதே ஆண்டில் அறிவித்தது.

பட்டியலை முழுதாகச் சரிபார்க்க முயலாதீர்கள். கண்ணை மூடிப் பத்துப் பெயரைத் தொட்டு, நான்காவது, ஐந்தாவது படிகளை மட்டும் செய்யுங்கள்.

8. பணத்தைக் கடைசியில் பாருங்கள்

எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் நேராக இங்கேதான் ஓடுவார்கள். “எண்ணெய்க் கம்பெனி காசுங்க அண்ணா” என்று பத்தே நிமிடத்தில் வழக்கை முடித்துவிடுவார்கள். அதனால்தான் இதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

வில்லி சூன் புதைபடிவ எரிபொருள் தொழில் சார்ந்தவர்களிடமிருந்து சுமார் பத்தாண்டுகளில் 12 லட்சம் டாலருக்கு மேல் பெற்றதும், பல கட்டுரைகளில் அதைத் தெரிவிக்காததும் 2015-இல் ஆவணங்களோடு வெளிவந்தது. பணம் தன் முடிவை மாற்றவில்லை என்பது அவர் பதில். கட்டுரையின் முடிவில் ‘நிதி உதவி’, ‘நலன் முரண்பாடு’ என்ற பத்திகள் இருக்கும். அங்கே சொல்லாமல் விட்டதுதான் நோட்டில் ஏற வேண்டிய குறை.

இன்னொரு பக்கம் ரிச்சர்ட் முல்லரைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர். வெப்பநிலைப் பதிவுகள் மேல் சந்தேகம் கொண்டு, முதலிலிருந்து தானே கணக்கிட ஒரு குழு அமைத்தார். எண்ணெய்த் தொழில் பெரும்புள்ளி சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் அதற்கு நிதி கொடுத்தது. முடிவு? வெப்பம் ஏறுவது உண்மை, ஏறக்குறைய முழுதும் மனிதரால்தான் என்று 2012-இல் வெளிப்படையாக எழுதினார். பணம் வந்த வழியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் இவரையும் அதே கூடையில் போட்டிருப்போம்.

9. நமக்குப் பிடித்தவருக்கும் அதே படிகள்

இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடலாம் என்று ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில் ஒரு வரி இருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முன்னாள் அதிகாரியும் பனியாறுகளை நேரில் ஆராய்ந்தவருமான வி.கே. ரைனா, அப்படி வேகமாக எதுவும் நடக்கவில்லை என்று 2009-இல் எழுதினார். குழுவின் அன்றைய தலைவர் ராஜேந்திர பச்சௌரி அதைக் கடுமையாகத் தாக்கினார். பச்சௌரி படித்தது தொழில்துறைப் பொறியியலும் பொருளாதாரமும். 2010 ஜனவரியில் குழு அந்த ஆண்டுக் கணக்கு தவறு என்று ஒப்புக்கொண்டது. ஆய்வுக் கட்டுரை எதிலும் இல்லாத எண் அது. ஒரு அமைப்பின் அறிக்கையிலிருந்து எடுத்திருந்தார்கள்.

பனியாறுகள் உருகுவது உண்மை. அந்த ஆண்டு தவறு. இரண்டையும் எழுதும் மனம் வேண்டும். எங்கள் நோட்டில் இந்தக் கதைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். நம் பக்கத்தை மட்டும் சரிபார்க்காமல் விடுகிறோம் என்று மூத்தவர்கள் உணர்ந்த நொடியில், மற்ற எட்டுப் படிகளும் அவர்கள் கண்ணில் மதிப்பிழந்துவிடும்.

எங்களில் சிலர் இந்த இடத்தில் தோட்டத்து அனுபவத்தைக் கொண்டுவருவார்கள். காபியைப் பூக்க வைக்கும் மார்ச், ஏப்ரல் மழை இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதில்லை என்பார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் ஒரு மலையின் சில ஆண்டு நினைவை உலகக் கணக்குக்குச் சாட்சியாக வைக்கக் கூடாது. எதிர்த்தரப்பு ஒரு குளிர்கால இரவைக் காட்டும்போது ‘அது செல்லாது’ என்கிறோம் அல்லவா?

10. எழுதி அனுப்பும் விதம்

தகுதியைச் சரிபார்த்ததால் கூற்று பொய் என்று நிரூபணம் ஆகிவிடாது. அவர் வார்த்தையை மட்டும் நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் கிடைக்கும். அதனால் கடைசி வரியில் கூற்றுக்கே வர வேண்டும். ‘மனிதரால் இல்லை’ என்பது கூற்றானால், 2021-இல் வந்த ஐ.பி.சி.சி. அறிக்கையின் எண்ணை எழுதலாம்: 1850–1900 சராசரியோடு ஒப்பிட, 2010–2019 பத்தாண்டில் மனிதச் செயல்களால் ஏறிய வெப்பம் சுமார் 1.07 டிகிரி செல்சியஸ்.

‘பொய்யர்’, ‘கைக்கூலி’ என்ற சொற்கள் வேண்டாம். அனுப்பியவர் பெரியவர். வீடியோவில் இருப்பவரைத் திட்டினால் அவரைத் திட்டியதாகவே எடுத்துக்கொள்வார். குழுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள். கிளாவ்சரின் அதே வீடியோவை அனுப்பிய இன்னொரு பெரியவருக்கு நாங்கள் எழுதியது இது:

“மாமா, நீங்க அனுப்பின வீடியோ முழுசாப் பார்த்தேனுங்க. அவர் நோபல் வாங்கினது உண்மைதானுங்க. ஆனா குவாண்டம் இயற்பியலுக்கு. அதுக்கு முந்தின வருசம் காலநிலை ஆய்வுக்கே நோபல் கொடுத்திருக்காங்க. வெப்பம் ஏறுது, நம்மாலதான்னு காட்டின ஆய்வு அது. ரெண்டு பக்கத்தோட இணைப்பும் அனுப்பறேன். ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பார்க்கலாமுங்க.”

நோட்டுப் பக்கத்தின் மேல் மூலையில் சரிபார்த்த தேதியை எழுதுங்கள். முல்லரைப் போல ஆட்கள் கருத்தை மாற்றிக்கொள்வார்கள், தரவுகளும் திருத்தப்படும். அதே வீடியோ ஆறு மாதம் கழித்து வேறு தலைப்போடு திரும்ப வரும். அப்போது தேதியைப் பார்த்து, ஐந்தாவது படியை மட்டும் இன்னொரு முறை ஓட்டிவிட்டு, அந்தப் பக்கத்தையே போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம்.